ஈரல் கொழுப்பு: பரம்பரை பாதி, பரிமாறியது பாதி

செம்மேட்டில் யாருக்காவது ஈரல் கெட்டுவிட்டது என்று செய்தி வந்தால் டீக்கடையில் இரண்டே தீர்ப்புகள்தான். முதல் தீர்ப்பு, "ஆளு யாருக்கும் தெரியாம ஊத்தியிருப்பாருங்க." வீட்டார் சத்தியம் செய்து, அவர் அதைத் தொட்டதே இல்லை என்று நிரூபித்துவிட்டால் இரண்டாவது தீர்ப்பு வரும். "அப்படின்னா பரம்பரைங்க. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?"

மலைக்குக் கீழே நாமக்கல்லில் படித்தவர்கள் கூடும் கல்யாண மண்டபத்திலும் இதே இரண்டு தீர்ப்புகளைக் கேட்டிருக்கிறேன். முதலாவது ஒரு குடும்பத்தின் மானத்தை வாங்குகிறது. இரண்டாவது நோயாளியின் கையைக் கட்டிப் போடுகிறது. இரண்டையும் திருத்தி எழுத வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் என் கட்சி.

நான் மருத்துவன் அல்ல. கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற எழுத்தன். ஆனால் இந்தக் கோப்பு எங்கள் குடும்பத்துக் கோப்பு. அதனால் இருபது வருஷமாகப் படித்து வருகிறேன். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை கொஞ்சம் நீளம்.

அண்ணன் கதை

என் பெரிய அண்ணன் காரைக்காலில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். ஒல்லியான உடம்பு. வெற்றிலை, சுருட்டு, சாராயம் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். அறுபதை நெருங்கும்போது சர்க்கரை வந்தது. அதற்கடுத்த வருஷம் வயிற்றில் நீர் கோத்தது. கால் வீங்கியது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" குடிப்பதில்லை என்றார். மறுநாள் வேறொரு டாக்டர் வந்து அதையே கேட்டார். மூன்றாம் நாள் அண்ணியைத் தனியாக அழைத்து, "அவர் உங்களுக்குத் தெரியாமல் குடிக்கலாம், உண்மையைச் சொன்னால்தான் வைத்தியம்" என்றார்கள். அண்ணி வெளியே வந்து அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. காரைக்கால்காரன் என்றால் சரக்கு மலிவான ஊர்க்காரன், குடிக்காமல் இருப்பானா என்பது எல்லோருடைய எண்ணமும். கடைசியில் கொடுத்த சீட்டில் 'கிரிப்டோஜெனிக் சிரோசிஸ்' என்று எழுதியிருந்தார்கள். காரணம் மறைந்திருக்கும் ஈரல் சுருக்கம் என்று அர்த்தம்.

2004-ல் அண்ணன் போனார். அடுத்த ஆண்டே அவர் மகளுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் கலைந்தது. "குடிகாரக் குடும்பம்னு சொல்றாங்க" என்று தரகர் சொன்னார். அப்பாவும் 1968-ல் வயிறு வீங்கித்தான் இறந்தார் என்பது அவர்கள் காதுக்குப் போனதும், "குடி இல்லேன்னாலும் வம்சத்துலயே ஈரல் வியாதி இருக்கு" என்று இரண்டாவது காரணமும் சேர்ந்துகொண்டது. பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது, அது வேறு விஷயம்.

இப்போது முறை அண்ணன் மகனுக்கு. வயது 48. ஸ்கேனில் கிரேடு 2 கொழுப்பு ஈரல். சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. நடக்கச் சொன்னால், "தாத்தா, அப்பா, அடுத்தது நான். எழுதி வச்சது சித்தப்பா" என்று சிரிக்கிறான். அவன் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கொழுத்த ஈரலுக்கு ஒரு பிரெஞ்சுப் பெயர்

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சொல்வதெழுதுதல் வகுப்பில் எங்களை மடக்குவதற்கென்றே வாத்தியார் வைத்திருந்த சொல் 'ஃபுவா'. ஒரே உச்சரிப்பு, மூன்று எழுத்துக்கூட்டல். ஒன்றுக்கு நம்பிக்கை என்று பொருள், ஒன்றுக்குத் தடவை என்று பொருள், இன்னொன்றுக்கு ஈரல் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களின் பெரிய விருந்துப் பண்டம் 'ஃபுவா க்ரா'. நேர்ப்பொருள் கொழுத்த ஈரல்தான். வாத்துக்கும் தாராவுக்கும் கடைசி இரண்டு மூன்று வாரம் தொண்டையில் குழாய் வைத்து வேகவைத்த மக்காச்சோளத்தைத் திணிப்பார்கள். ஈரல் பல மடங்கு பெருத்துவிடும். அதை எடுத்துச் சமைப்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, திணிப்பது நெய்யோ எண்ணெயோ அல்ல, மக்காச்சோளம். மாவுச்சத்து. ஈரல்தான் அதைக் கொழுப்பாக மாற்றித் தனக்குள் அடுக்கி வைக்கிறது. ஈரலுக்கான அந்தப் பிரெஞ்சுச் சொல்லே அத்திப்பழம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர்கள் அத்திப்பழம் ஊட்டி வாத்தின் ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். இனிப்பும் மாவும் ஈரலைக் கொழுக்க வைக்கும் என்பது இரண்டாயிரம் வருஷத்துச் செய்தி. நாம்தான் 'கொழுப்பு ஈரல்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு எண்ணெயை மட்டும் குறைத்து, சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிக்கொள்கிறோம்.

இன்னொரு செய்தியும் அந்தப் பண்ணைகளில் உண்டு. எல்லா வாத்தும் அதற்குச் சரிப்படாது. சில இனங்களுக்குத் தீனியை எவ்வளவு திணித்தாலும் கொழுப்பு தோலுக்கடியில் சேருமே தவிர ஈரலில் அவ்வளவாகத் தங்காது. ஈரலில் தங்கும் இனமாகப் பார்த்துத்தான் பண்ணைக்காரர்கள் வளர்க்கிறார்கள். ஆக, இனமும் வேண்டும், தீனியும் வேண்டும். தீனி இல்லாமல் அந்த இனத்துக்கும் ஈரல் கொழுக்காது.

நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களுக்கும் இது தெரிந்த சங்கதி. கூண்டில் அடைபட்டு, அசையாமல் நின்று, சக்தி மிகுந்த தீவனம் தின்னும் முட்டைக் கோழிக்கு ஈரல் கொழுத்து, உள்ளே ரத்தம் கசிந்து, நன்றாக இருந்த கோழி திடீரென்று செத்துக் கிடக்கும். அந்தக் கோழி எந்தக் கடையில் குடித்தது?

இந்தியா 2014-ல் ஃபுவா க்ரா இறக்குமதியைத் தடை செய்தது. உள்நாட்டு உற்பத்தி நம் வயிற்றிலேயே நடக்கிறது.

மரபணு என்ன செய்கிறது

ஈரலின் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அது கொழுப்பு ஈரல். பலருக்கு அதோடு நின்றுவிடும். சிலருக்கு அது வீக்கமாகி, வீக்கம் தழும்பாகி, தழும்பு சுருக்கமாகி, புற்றுநோய் வரை போகும். குடிக்காதவருக்கும் குடிகாரரின் ஈரலைப் போன்ற கேடு வரலாம் என்பதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் என்பவரும் கூட்டாளிகளும் 1980-ல் 20 நோயாளிகளை வைத்து எழுதிப் பெயரிட்டார்கள். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தார்களே, காரணம் மறைந்த சுருக்கம், அதில் பெரும் பகுதி இந்தக் கொழுப்பு ஈரலின் கடைசிக் கட்டம்தான் என்பது இப்போது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். சுருக்கம் முற்றும்போது கொழுப்பு மறைந்துவிடும். அதனால் தடயம் கிடைக்காது.

யாருக்கு நின்றுவிடும், யாருக்கு முற்றும்? இங்கேதான் பரம்பரை வருகிறது.

2008-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோரின் குழு ஒரு மரபணுவை அடையாளம் கண்டது. பெயர் பி.என்.பி.எல்.ஏ.3. நம்முடைய 22-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் ஈரலில் கொழுப்பு அதிகம் சேர்கிறது. டல்லாஸில் வாழும் மூன்று இனத்தாரில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம் அந்த மாற்றம் மிக அதிகம், ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிகக் குறைவு. ஈரல் கொழுப்பும் அதே வரிசையில்தான் இருந்தது.

அந்த மாற்றம் என்ன செய்கிறது என்பதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். ஈரல் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் கோப்புகள்போல அடுக்கியிருக்கும். அவற்றைப் பிரித்து அனுப்ப வேண்டியவர்கள் உண்டு. மாறிய மரபணு தயாரிக்கும் புரதம் அந்தத் துளியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தன் வேலையைச் செய்வதில்லை, காலம் முடிந்தும் நாற்காலியைக் காலி செய்வதில்லை, வேலை செய்ய வரும் மற்றவரையும் செய்ய விடுவதில்லை. இப்படிப்பட்டவரை எந்த அலுவலகத்திலும் பார்த்திருப்பீர்கள். கோப்பு தேங்காமல் என்ன செய்யும்?

2014-ல் இன்னொரு மரபணு தெரிய வந்தது. டி.எம்.6.எஸ்.எஃப்.2 என்று பெயர். இது தபால் அனுப்பும் பிரிவு. இதில் கோளாறு இருந்தால் கொழுப்பு ஈரலைவிட்டு ரத்தத்துக்குப் போகாது. ஈரலுக்குக் கேடு, ஆனால் ரத்தத்தில் கொழுப்பு குறைவதால் இதயத்துக்குக் கொஞ்சம் லாபம். 2018-ல் ஈரலைக் காப்பாற்றும் மாற்றம் ஒன்றையும் வேறொரு மரபணுவில் கண்டார்கள். பரம்பரை என்பது ஒரே ஒரு தலையெழுத்து அல்ல என்பதற்காக இதையெல்லாம் சொல்கிறேன். அது பற்றும் வரவும் கலந்த பேரேடு.

ஆனால் ஒரே குடும்பம் என்றால் ஒரே அடுப்படியும்தானே? பாட்டி கை அளவு உப்பும் நெய்யும்கூடத் தலைமுறை தாண்டி வருகிறதே? நியாயமான கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்கிறார்கள். அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையருக்கு மரபணுவும் ஒன்று, சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. வேறு வேறு முகமுள்ள இரட்டையருக்குச் சாப்பாடு ஒன்று, மரபணு பாதிதான் ஒன்று. கலிபோர்னியாவில் சான் டியேகோ பல்கலைக்கழகத்தார் 60 ஜோடி இரட்டையரைப் பரிசோதித்து 2015-ல் எழுதினார்கள். ஈரல் கொழுப்பிலும் தழும்பிலும் ஆளுக்கு ஆள் காணும் வித்தியாசத்தில் சுமார் பாதிக்குப் பரம்பரை காரணம் என்றது அந்தக் கணக்கு.

ஆக, "பரம்பரை" என்று டீக்கடை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யார் கணக்கில் எழுதுவது?

குடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டல்லாஸில் கண்ட அதே மரபணு மாற்றம் குடிப்பவரின் ஈரலையும் வேகமாகச் சுருங்க வைக்கிறது. முப்பது வருஷம் குடித்தும் நிமிர்ந்து நடக்கும் ஒருவரையும், பத்து வருஷத்தில் போய்ச் சேர்ந்த இன்னொருவரையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலாமவரைப் பார்த்துத் தைரியம் கொள்பவர், தன் மரபணு யாருடையதைப்போல் என்று தெரியாமலே பந்தயம் கட்டுகிறார்.

ஒல்லி உடம்பும் ஏமாற்றும்

அண்ணன் ஒல்லி. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதற்கும் நம் நாட்டில் நல்ல சான்றுகள் உண்டு.

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் நண்பர்கள். 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் வெள்ளைக்கார டாக்டரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம் டாக்டரின் உடலில் 21.2 சதவீதம். தராசு இருவரையும் ஒன்றென்றது. உள்ளே இருந்த சரக்கு வேறு. புனேயில் பிறக்கும் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு யாஜ்னிக் ஒப்பிட்டபோதும் அதே கதை. எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஏதோ தீர்மானமாகிவிடுகிறது. எனவே நாம் பரம்பரை என்று சொல்வதில் மரபணுவோடு தாய்க்குக் கிடைத்த சாப்பாடும் சேர்ந்திருக்கலாம்.

மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. உழைக்கும் ஏழை மக்கள். அவர்களில் 8.7 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல். அப்படி இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் குண்டானவர்களே அல்ல. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொந்திகூடக் கிடையாது. நம் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் 541 பேரில் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்தால் பாதிக்கும் மேல்.

இந்தியருக்கென்று தனி மரபணு உண்டா? 2010-ல் யேல் பல்கலைக்கழகத்தார் 95 ஆரோக்கியமான இந்திய ஆண்களைப் பரிசோதித்து, அப்போசி3 என்ற மரபணுதான் காரணம் என்று எழுதினார்கள். மாற்றம் உள்ளவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல், இல்லாதவர்களில் ஒருவருக்கும் இல்லை. கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! அடுத்த ஆண்டே அதைவிடப் பெரிய கூட்டத்தில் சோதித்தபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது. ஒரே ஆய்வைப் பிடித்துக்கொண்டு "எங்க மரபணு அப்படி" என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மரபணு மாறவில்லை, தட்டு மாறிவிட்டது

இனி என் அண்ணன் மகனுக்கான பதில்.

இந்த மலையில் நான் வந்து தங்கிய பிறகு பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அவர்கள் சிறு வயதில் தின்றது சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, தினை, அவரை, மொச்சை, காட்டுக் கீரை. நெல்லுச் சோறு நோன்பு நாளில்தான். சேந்தமங்கலம் சந்தைக்குத் தலைச்சுமையோடு இறங்கி, திரும்ப ஏறி வருவார்கள். பிறகு சாமை விளைந்த காடுகளில் மரவள்ளி வந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு அது காசு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பாற்றவே பல வருஷம் பாடுபட வேண்டியிருந்தது. இன்று செம்மேட்டில் காலை இட்லி, மதியம் ரேஷன் அரிசிச் சோறு, மாலை பேக்கரி பன்னும் சர்க்கரை தூக்கலான டீயும், இரவு பரோட்டா. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறி இறங்குகிறோம்.

இரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. அதற்கு அந்த வேகம் கிடையாது. மாறியது தட்டும் காலும்தான். அந்தக் காலத்தை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பசியும் காய்ச்சலும் பிரசவச் சாவும் இருந்த காலம் அது. ரேஷன் அரிசி வந்து அடுப்பு எரிந்த வீடுகளை எனக்குத் தெரியும். அரிசியைக் குறை சொல்லவில்லை, தட்டு முழுக்க அரிசியாகவே ஆனதைச் சொல்கிறேன். சாமை பழைய சாமைதான் என்றாலும், அதைச் சர்க்கரைப் பொங்கலாக்கித் தின்றால் பலன் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இப்போது இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். எனக்கு நிம்மதி கொடுத்தவை இவை. டல்லாஸ் குழுவினரே டென்மார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2017-ல் எழுதியது ஒன்று. அந்தக் கெட்ட மரபணு ஒல்லியானவரிடம் பெரிய வேலை காட்டுவதில்லை. எடை ஏற ஏற அதன் கை ஓங்குகிறது. விதை ஒன்றுதான், எரு போடப் போட முளைக்கிறது. பீர்பூம் கணக்கைப் பார்த்தவர்கள், ஒல்லி என்பதைத் தராசு மட்டும் தீர்மானிக்காது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஹாங்காங்கிலிருந்து 2015-ல் வந்தது. கொழுப்பு ஈரல் உள்ளவர்களைச் சாப்பாட்டிலும் நடையிலும் கட்டுப்பாடாக வைத்துப் பார்த்தார்கள். கெட்ட மரபணுவைத் தாயிடமும் தகப்பனிடமும் இரட்டையாகப் பெற்றவர்களுக்குத்தான் ஈரல் கொழுப்பு அதிகமாகக் குறைந்தது. மற்றவர்களைவிட அவர்களுக்கே பலன் கூடுதல்.

"பரம்பரை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்ற வாக்கியத்தை இந்த ஆய்வு அப்படியே தலைகீழாக்குகிறது. பரம்பரை உள்ளவன்தான் நடக்க வேண்டும். அவன் நடந்தால்தான் பெரிய லாபம். அண்ணன் மகனிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்து வீட்டுக்காரன் தினமும் பிரியாணி தின்றான், அவனுக்கு ஒண்ணுமில்லையே சித்தப்பா" என்றான். உண்மைதான், அது அநியாயம்தான். அவனுக்கு வாய்த்த ஈரல் அப்படி. ஓர் அலுவலகத்தில் ஒரே வேலைக்கு இருவருக்கு இரண்டு சம்பளம் போட்டதையும் பார்த்தவன் நான். அநியாயம் என்று மனு எழுதலாம். ஆனால் கையில் வரும் சம்பளத்துக்குள்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

என்ன செய்யலாம்

மரபணுப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதன் முடிவு எதுவாக வந்தாலும் டாக்டர் சொல்லப்போவது ஒன்றேதான். அதைவிட மலிவான சோதனை ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து, மஞ்சள் பூத்து யார் போனார்கள்? அவர்களுக்குச் சர்க்கரை இருந்ததா? வெட்கப்படாமல் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு நிலப் பத்திரம் வைப்பதுபோல இதையும் வையுங்கள்.

இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. தாண்டினால் எச்சரிக்கை.

சர்க்கரை உள்ளவர்கள், ஸ்கேனில் கொழுப்பு என்று எழுதப்பட்டவர்கள், தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்குங்கள். தட்டணுக்களை ஆயிரத்தில் எடுத்து, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, ஏனென்றால் காகிதமும் பென்சிலும் போதும். உதாரணமாக வயது 70, எஸ்ஜிஓடி 30, எஸ்ஜிபிடி 36, தட்டணு 2 லட்சம் என்றால், 2100-ஐ 1200-ஆல் வகுக்க 1.75 வரும். 65 வயதைத் தாண்டிய நமக்கு 2-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இளையவர்களுக்கு அந்த எல்லை 1.3. மேலே போனால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த எண் ஒரு சுட்டுவிரல்தான். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

எடை கூடியவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்குகிறது. 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் வீக்கமும் அடங்குகிறது. 70 கிலோ ஆளுக்கு அது 5 முதல் 7 கிலோ. பாட்டில் குளிர்பானத்தை விட்டுவிடுங்கள். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, பருப்பிலும் காயிலும் கூட்டுங்கள். குடும்பத்தில் ஈரல் வியாதி உள்ளவருக்கு 'கொஞ்சமாகக் குடித்தால் பரவாயில்லை' என்ற சலுகை கிடையாது. நம் மலைக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி, காப்பி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கொல்லிமலைக் காப்பிக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? சர்க்கரையைத்தான் மறக்க வேண்டும்.

மருத்துவர்களிடம் ஒரு விண்ணப்பம். குடிப்பீர்களா என்று கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு தடவை கேட்டு, பதிலை நம்புங்கள். பிறகு "வீட்டில் வேறு யாருக்காவது?" என்று கேளுங்கள். 2023-ல் உலக ஈரல் மருத்துவர்கள் கூடி, 'குடி சாராத கொழுப்பு ஈரல்' என்ற பழைய பெயரையே மாற்றிவிட்டார்கள். பெயரில் குடி என்ற சொல் இருப்பதே நோயாளிக்கு அவமானமாக இருக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். அண்ணிக்கு அந்தச் செய்தி இருபது வருஷம் தாமதமாக வந்தது.

அரசுக்கும் ஒன்று. 2021-ல் மத்திய அரசு இந்த நோயைத் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. அதே ஆண்டு நம் மாநிலத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறவர்கள் ஓர் அளவு நாடாவையும் கொண்டுவந்து இடுப்பை அளக்கட்டும். குடும்பத்தில் ஈரல் நோய் உண்டா என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். படிவத்தில் ஒரு வரி சேர்க்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

கடைசியாகச் சம்பந்தம் பேசுகிறவர்களுக்கு. பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ ஈரல் வியாதியில் யாரோ இறந்தார் என்றால் அதற்காக இடத்தைத் தட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் எந்த வீட்டைத் தோண்டினாலும் சர்க்கரையோ ஈரலோ இதயமோ ஒன்று கிடைக்கும். சொல்லிவிட்டுச் செய்கிற குடும்பம், மறைத்துச் செய்கிற குடும்பத்தைவிட மேல். தெரிந்தால் அந்த வீட்டு அடுப்படியில் அதற்கேற்பச் சமைக்கலாம், பேரப் பிள்ளைகளைக் காலாற ஓட விடலாம்.

அண்ணன் மகன் இப்போது காரைக்கால் கடற்கரையில் காலையில் நடக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். "எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம் மாமா" என்றும் சேர்த்துச் சொன்னாள். பார்ப்போம்.